தாழ்வாரத்தின் அகலம்

இங்கிலாந்தில் மார்ச் 1 பெற்றோருக்குப் பரீட்சை முடிவு நாள். இடைநிலைப் பள்ளியில் சேரவிருக்கும் பிள்ளைக்கு எங்கே இடம் என்று அன்றுதான் தெரியும். லண்டனில் ஆறு பள்ளிகள் வரை எழுதிக்கொடுக்கலாம். ஆனால் அதற்குப் பெயர் 'விருப்பம்'தான், 'தேர்வு' அல்ல. பந்தியில் பாயசம் கேட்கலாம். இலையில் ரசம் விழுந்தால் விழுந்ததுதான்.

கிடைக்காதவர் மேல்முறையீடு செய்யலாம். பள்ளிக்குச் சம்பந்தமில்லாத குறைந்தது மூன்று பேர் நடுவர்களாக உட்கார்வார்கள். ஒருவராவது கல்வித்துறை அனுபவம் உள்ளவர், இன்னொருவர் அந்த வாடையே படாதவர்.

முதலில் பள்ளி பேசும். இன்னும் ஒரு பிள்ளை வந்தால் தாழ்வாரம் தாங்காது, சாப்பாட்டுக்கூடம் பிதுங்கும் என்று வரைபடத்தோடு விளக்கும். விண்ணப்பக் கெடுவான அக்டோபர் 31-க்கு முன், ஊரைக் கூட்டிச் சுற்றிக்காட்டியபோது அதே கூடம் கல்யாண மண்டபம்போல விசாலமாகத்தான் இருந்தது.

பிறகு பெற்றோர் முறை. கோப்பைத் திறந்தால் டாக்டர் கடிதம், பேருந்து நேர அட்டவணை, நீச்சல் சான்றிதழ், எதற்கும் இருக்கட்டும் என்று டிரம்பெட் வாசிக்கும் புகைப்படம். ஒதுக்கிய பள்ளி மோசம் என்று திட்டினால் மட்டும் பலிக்காது. இந்தப் பள்ளி ஏன் வேண்டும் என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கு ஏற்படும் சிரமத்தைவிடப் பிள்ளையின் தேவை பெரிது என்று நடுவர்களுக்குப் பட்டால் இடம் உண்டு. அந்தத் தீர்ப்பைப் பள்ளி மீற முடியாது.

அப்புறம் தாழ்வாரம் தாங்கிக்கொள்ளும்.