பொம்மைக்கும் பிறந்த தேதி

வென்டிலேட்டரோடு வருடக்கணக்கில் குடித்தனம் நடத்திய ஐசியூ நர்ஸ் பிரிட்டன் போகிறார். ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ்ஸில் பேச, கேட்க, படிக்க 7 வேண்டும், எழுத 6.5 போதும். (டாக்டர்களின் கையெழுத்தோடு மல்லுக்கட்டியவர் என்று இரங்கினார்களோ என்னவோ!) அடுத்து கணினிவழித் தேர்வு. அதையும் தாண்டி, விமானமேறி நார்த்தாம்ப்டன் போன்ற ஊரில் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு: 10 நிலையங்கள். படுத்திருப்பது பொம்மையாகவும் இருக்கலாம். அதனிடமும் பெயர், பிறந்த தேதி கேட்டாக வேண்டும். கேட்காமல் உயிரைக் காப்பாற்றினால் மார்க் போய்விடும். தேறினால் பெரும்பாலும் பேண்ட் 5 சம்பள நிலை. நேற்று கல்லூரி முடித்த பிள்ளைக்கும் அதே பேண்ட் 5தான். ராத்திரி வார்டில் யாருக்காவது மூச்சுத் திணறினால் மட்டும், எல்லாக் கண்ணும் இவர் பக்கமே திரும்பும்.