தென்காசி மாவட்டத்தின் கடற்கரை: ஒரு முதற்கட்ட ஆய்வு

2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. திருநெல்வேலியிலிருந்து பிரிந்தபோது குற்றாலமும் சாரலும் தென்காசிக்கு வந்தன; உவரி, இடிந்தகரை, கூடங்குளம் என்று கடலோரம் முழுவதும் பழைய மாவட்டத்தோடு நின்றுவிட்டது. அன்று முதல் தென்காசிக்குக் கடல் இல்லை என்பது அரசு ஆவணங்களின் நிலைப்பாடு. கள ஆய்வு செய்யாமல் எடுக்கப்பட்ட நிலைப்பாடு அது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சான்றுகள். குற்றாலப் பேரருவித் தண்ணீர் உச்சியிலிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. விழுந்திருந்தால் இந்த ஆய்வை எழுத ஆள் மிஞ்சியிருக்காது. பாதி வழியில் பாறைக்குள் இருக்கும் ஆழமான பள்ளத்தில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்த பிறகே கீழே இறங்குகிறது. அந்தப் பள்ளத்துக்குப் பொங்குமாகடல் என்று பெயர். அருவிக்குப் பக்கத்திலேயே இருக்கும் குற்றாலநாதர் கோயிலோ சங்கு வடிவில் கட்டப்பட்டது. கடலும் சங்கும் ஒரே ஊரில் இருக்கும்போது கரை மட்டும் எங்கே போய்விடும்?

ஐயம் தீராதவர்களுக்குத் தண்ணீரே சாட்சி. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் ஈரத்தை அள்ளி, பெரும்பகுதியைக் கேரளத்தில் கொட்டிவிட்டு, மிச்சத்தை ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரலாக நமக்கு அனுப்புகிறது. ஆகவே ஜூலை மாதம் குற்றாலத்தில் நம் தலையில் விழுவது அரபிக்கடல்தான். உப்பை மட்டும் கொல்லத்திலேயே இறக்கி வைத்துவிட்டார்கள்.

அடுத்தது ஓதம். பெரும்பாலான கடற்கரைகளில் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை நீர் ஏறும், காரணம் நிலா. குற்றாலத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு பேரேற்றம், ஐப்பசி கார்த்திகையில் இன்னொன்று. இதில் நிலாவுக்குப் பங்கில்லை. நீரை மழை ஏற்றுகிறது. கூட்டத்தை, 'ஐந்தருவியில அஞ்சு கிளையிலயும் விழுது' என்ற வாட்ஸ்அப் செய்தி ஏற்றுகிறது. ஏற்றத்தின் உச்ச அளவு பேரருவியில் பாதுகாப்பு வளைவாகவே நிற்கிறது. தண்ணீர் அதைத் தாண்டிக் கொட்டினால் குளிக்கத் தடை. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. எனவே இந்த அளவுகோலைப் பற்றி மட்டும் ஆய்வாளர் விளையாட்டாகப் பேசமாட்டார்.

இனி உயிரினங்களுக்கு வருவோம். பாறைக் கடற்கரையில் உயிர்கள் இஷ்டத்துக்கு உட்காருவதில்லை. நீர்த்திவலை மட்டும் எட்டுகிற மேல்வரியில் சில நத்தைகள், அதற்குக் கீழே பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசு, இன்னும் கீழே சிப்பிகள், எப்போதும் நனைந்திருக்கும் அடிவரியில் பாசிகள் என்று வரிசை உண்டு. குற்றாலத்திலும் அப்படியே. திவலை வரியில் ஆச்சி, மூன்று பை, ஒரு தூக்குச்சட்டி, எல்லாருடைய செல்போன். நடுவரியில், எண்ணெய்க் குளியலுக்கு நீதிமன்றத் தடை வந்த பிறகும் உடம்பைத் தாமாகவே தேய்த்துக்கொண்டிருக்கும் பெரியப்பாக்கள். அடிவரியில் பாதுகாப்புக் கம்பியைப் பிடித்த இளவட்டங்கள். லிம்பெட் என்ற நத்தையை அலை அடிக்க அடிக்க அது பாறையை இறுக்கிக்கொள்ளும். இவர்கள் போலீஸ் விசில் ஊத ஊதக் கம்பியை இறுக்குகிறார்கள்.

ஆச்சி ஏன் மேல்வரியில்? "எனக்குத் தண்ணி ஒத்துக்காதுய்யா" என்பது அவரே தரும் விளக்கம். குடும்பம் இதை ஆராயாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1961இல் ஜோசப் கானல் என்ற சூழலியலாளர் ஸ்காட்லாந்துக் கரையில் இரண்டு வகைக் கொட்டலசுகளை வைத்து இதே கேள்வியைக் கேட்டார். சின்ன வகை ஏன் மேலே, வறண்ட இடத்தில் வாழ்கிறது? அது பிடித்துப்போய் அல்ல. கீழே பெரிய வகை வளர்ந்து, நெருக்கி, நெம்பித் தள்ளிவிடுகிறது. பெரியதை அப்புறப்படுத்தியபோது சின்னது கீழேயும் நன்றாகவே வாழ்ந்தது.

இந்தச் சோதனையைக் குற்றாலத்தில் செய்து பார்த்தோம். சித்தப்பா, மாமா, அத்தான் ஆகிய பெரிய வகைகள் முந்தின இரவு பிரானூர் பார்டரில் பரோட்டாவும் காடையும் தின்றுவிட்டு லாட்ஜில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த விடியற்காலை. பைகள் அறையிலேயே விடப்பட்டன. ஆச்சி பெண்கள் பகுதிக்கு அழைத்துச் செல்லப்பட்டார். முதலில் கால், பிறகு தோள், பிறகு ஆளையே காணோம். நெடுநேரம் கழித்துப் பேத்தி போய்க் கூப்பிட்டாள்.

"ஆச்சி, போதும், வாங்க. சளி பிடிச்சிரும்."

"நீ போ தாயி. நான் இன்னும் கொஞ்சம் நிக்கேன்."

தண்ணீர் ஒத்துக்கொண்டது. இதுவரை ஒத்துக்கொள்ளாதது மூன்று பையும் ஒரு தூக்குச்சட்டியும். கானல் தன் கொட்டலசுகளிடம் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. எங்கள் மாமாவும் கேட்கவில்லை. மறுநாளும் பையைக் கொண்டுவந்து ஆச்சி மடியில்தான் வைத்தார். மேல்வரிக்கு எதிரிகளும் உண்டு என்பதைச் சொல்லவேண்டும். கடற்கரையில் பறவை, இங்கே குரங்கு. இரண்டும் மேலிருந்தே வரும். குரங்குக்கு ரம்புட்டான் பை எது, துணிப் பை எது என்று தெரியும்.

ஒப்பீட்டுக்காக இதே குடும்பம் திருச்செந்தூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் உள்வாங்கும்போது பாசி படர்ந்த பாறைகள் வெளியே தெரியும். இடுக்குகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். குற்றாலத்துப் பாறைக்குழியில் காலைக் கடிக்கும் மீனைக் காட்டி "இது என்னப்பா?" என்று கேட்டபோது வந்த பதில் "குட்டி மீன்." திருச்செந்தூரில் ஓட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒன்றைக் காட்டிக் கேட்டதற்கு வந்த பதில் "அது ஒண்ணும் பண்ணாது." அது துறவி நண்டு, செத்த நத்தையின் கூட்டில் குடியிருப்பது, உடம்பு பெருத்தால் வேறு கூடு தேடிப் போவது. தகப்பன்மாரின் உயிரியல் அறிவு மலையிலும் கடலிலும் ஒரே மட்டத்தில் இருப்பது இரண்டும் ஒரே வகைக் கரை என்பதற்கு வலுவான ஆதாரம். மாமா அலைக்குள் இறங்கியதும் கையை நீட்டிக் கம்பியைத் தேடினார் என்பது அடுத்த ஆதாரம்.

ஒரு கேள்வி மட்டும் மீதி இருக்கிறது. ஐந்தருவியில் கடைக்குட்டியின் இடதுகால் செருப்பு தண்ணீரோடு போனது. கோட்பாட்டின்படி அது சிற்றாற்றில் இறங்கி, சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்ந்திருக்கவேண்டும். சேர்ந்திருந்தால் தென்காசிக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பு நிரூபணமாகிவிடும். ஆனால் நடுவே ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு இருக்கிறது. செருப்பு அங்கே சிக்கியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று ஆச்சி கருதுகிறார். நேரில் போய்ப் பார்க்க கார் வாடகை, டீசல், இரண்டு வேளைச் சாப்பாடு ஆகியவற்றுக்கு நிதி கேட்டு மாமாவிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். வலதுகால் செருப்பை இணைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்.