சுவர் குடிக்கிற கணக்கு

புதுவையை அடுத்த காலாப்பட்டில் எங்கள் தெருவில், ஓர் அறைக்கு எவ்வளவு பெயிண்ட் ஆகும் என்று ஒரு காலத்தில் யாரும் கேட்டதில்லை. போகிக்கு முந்தின வாரம் அம்மா கிளிஞ்சல் சுண்ணாம்பை மண்பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். அது கொதித்து நீறும்வரை பிள்ளைகள் கிட்டே போகக் கூடாது. கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. மறுநாள் பழைய வேட்டியில் வடிகட்டி, கொஞ்சம் நீலமும் கோந்தும் சேர்த்தால் வெள்ளை தயார். குறைந்தால் இன்னும் கொஞ்சம் கரைத்துக்கொள்ளலாம். நேற்று அடித்த சுவருக்கும் இன்று அடித்ததற்கும் காய்ந்தபின் வித்தியாசம் தெரியாது. மிஞ்சியது துளசி மாடத்துக்கும் தென்னையின் அடிமரத்துக்கும் போகும்.

கடலோர வீட்டுக்கு அது நல்ல பூச்சும்கூட. சுண்ணாம்பு சுவருக்குள் இருக்கும் ஈரத்தை அடைத்து வைக்காது. உப்புக்காற்றில் பொரிந்தாலும் அடுத்த போகிக்குச் சுரண்டிவிட்டு மறுபடி அடித்துவிடுவோம்.

1985-இல் தொடங்கிய புதுவைப் பல்கலைக்கழகத்தின் வளாகம் எங்கள் ஊரில் அமைந்தது. மாணவர்களுக்கு வாடகைக்கு விட அறைகள் எழுந்தன. பட்டி பார்த்த சுவர், எமல்ஷன் என்று ஊரின் வழக்கமே மாறியது. இப்போது கடையில் எந்திரம் கலந்து தரும் நிறத்தை 1, 4, 10, 20 லிட்டராக வாங்குகிறோம். பாதிச் சுவரில் தீர்ந்துபோய் மறுபடி கலந்து வாங்கினால் நிறம் லேசாக மாறிவிடலாம். அந்தக் கோடு அடுத்த முறை அடிக்கும்வரை கண்ணை உறுத்தும். கணக்கே தேவைப்படாத இடத்திலிருந்து கணக்குத் தப்பக் கூடாத இடத்துக்கு வந்துவிட்டோம்.

ஆனால் பலர் போடும் கணக்கு, தரைப்பரப்பை மூன்றரையால் பெருக்குவதோடு முடிந்துவிடுகிறது. எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், சுண்ணாம்புக் காலத்திலிருந்து எமல்ஷன் காலம்வரை பெயிண்ட் வேலை பார்த்தவர், இதைக் கேட்டால் கோபப்படுவார். "தரைக்கா தம்பி அடிக்கப் போறோம்? சுவர அளந்து சொல்லு" என்பார்.

அவர் சொன்னபடியே அளந்து பாருங்கள். 12-க்கு 10 அடி அறை, 10 அடி உயரம். சுற்றளவு 44 அடி. நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. 7-க்கு 3 கதவு ஒன்று, 4-க்கு 4 ஜன்னல் இரண்டு, இவற்றின் 53 சதுர அடியைக் கழித்தால் 387. கூரையின் 120-ஐச் சேர்த்தால் 507. மூன்றரைப் பெருக்கல் தருவதோ 420. அதே உயரமுள்ள 20-க்கு 15 ஹாலில் பெருக்கல் ஏறக்குறையச் சரியாக வரும். சிறிய அறையில்தான் காலை வாரும். காலாப்பட்டு வாடகை வீடுகளில் பெரும்பாலும் சிறிய அறைகள்தானே இருக்கின்றன!

அளந்த பிறகும் பாதி வேலைதான் முடிந்திருக்கும். வாளியில் எழுதியிருக்கும் பரப்பு, வழவழப்பான சுவருக்கான கணக்கு. ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்கு 110 சதுர அடி வரும் என்று வைத்தால், கூரையை விட்டு, நம் சுவர்களின் 387-க்கு மூன்றரை லிட்டர். 4 லிட்டர் டப்பா போதும். சுவர் பெயிண்ட்டைக் குடித்து 80 சதுர அடியோடு நின்றுவிட்டால் ஏறக்குறைய 5 லிட்டர் வேண்டும். பெரியவர் கை நிறையத் தண்ணீரைச் சுவரில் தெளித்து, எவ்வளவு சீக்கிரம் இழுத்துக்கொள்கிறது என்று பார்ப்பார். உள்ளங்கையால் தடவி, வெள்ளைத் தூள் ஒட்டினால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்வார், பிறகு பிரைமர். பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் எமல்ஷன் அடிக்க அவர் ஒப்பியதே இல்லை; ஏடு ஏடாக உரிந்து வரும் என்பது அவருக்குத் தெரியும். இன்று கைப்பேசியில் கணக்குப் போட்டுத் தரும் செயலிகள் நீள அகலத்தைக் கேட்கின்றன, நல்லதுதான். சுவரைத் தொட்டுப் பார்ப்பதற்கு இன்னும் ஒரு கை வேண்டியிருக்கிறது.

பெயிண்ட் மிஞ்சுவதிலும் ஒரு கவலை உண்டு. வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பா பரணில் கிடந்தால் குழந்தைகள் புழங்கும் அறைக்கு எடுக்காதீர்கள்.

கடைக்குப் போகுமுன் டேப்பை எடுத்து நான்கு சுவரையும் நீங்களே அளந்துவிடுங்கள், தண்ணீர் தெளித்தும் பாருங்கள். கலந்து வாங்கும் நிறத்தை ஒரே தடவையில், அரை லிட்டர் கூடுதலாகவே வாங்குங்கள்.