அஞ்சறைப்பெட்டி மதுரை

வாய்யா பேராண்டி. மதுரைக்குப் படம் போட்டுருக்கியாம்ல. வழி தெரியாம வர்றவனுக்குக் காட்டவா, சுவத்துல மாட்டவா? ரெண்டுக்குமா! சரி, விரி பாப்போம்.

'லிமிடெட் பேலட்'டுங்குற. வாய் நெறையத்தான் இருக்கு. மூணு மாசம் ஒக்காந்து அஞ்சே அஞ்சு நிறம் பொறுக்குனியா? செங்கக் கலருக்கு டெரகோட்டான்னு பேரு வச்சாச்சு. அதென்ன மஸ்டர்டு? கடுகுதான? ஒங்கப்பத்தா அஞ்சறைப்பெட்டியத் தெறந்து பாரு, கடுகு கருப்பால்ல கெடக்கு! அவளும் அந்த அஞ்சாறு சாமான வச்சுத்தான் அறுபது வருசமா ஆக்கிப்போட்டா. லிமிடெட்டுன்னு ஒரு நா சொல்லிருப்பாளா?

நான் சிவகாசி அச்சாபீசுல நின்னவன்டா. காலண்டர் சாமி அத்தனையும் நாலே மையி: நீலம், செவப்பு, மஞ்ச, கருப்பு. மைக்கு ஒரு பிளேட்டு. நோட்டீசு அடிக்க வர்றவன் ரெண்டு கலருக்கு மேல கேட்டா கூலி ஏறும். நாங்க நிறத்தக் கொறச்சது கலைக்கு இல்ல ராசா, காசுக்கு. அந்தக் கஞ்சத்தனத்துலதான் புத்தி வந்துச்சு. மஞ்ச மேல நீலத்த ஏத்துனா பச்சை. ரெண்டு பிளேட்டுல மூணு நிறம் ஆச்சா? நீலத்தையே புள்ளி புள்ளியா வச்சா வெளிர்நீலம். தாளோட வெள்ளை இருக்கே, அது சும்மா வர்ற நிறம். ரிஜிஸ்டர் ஒரு நூலு வெலகுனா லட்சுமி ஒதட்டுச் செவப்பு கன்னத்துல போயி ஒக்காரும், எங்க கூலில கை வப்பாங்க. இப்ப என்னமோ ஜப்பான் மிசினு, ரிசோவாம். அதுல வெலகி விழுந்தாத்தான் அழகுங்குறாங்களாம்ல. நான் அம்பது வருசம் முந்திப் பொறந்துட்டேன்.

வைகைக்கு நீலத்த இழுத்து விட்டிருக்க. அதுல கடைசியா எப்படா தண்ணி பாத்த? தாள அப்படியே விட்டிருந்தா சனம் மணலுன்னு நெனச்சுக்கும், மையும் மிச்சம்.

சித்திரைல அழகர் ஆத்துல எறங்குறப்ப மொத்த ஊரும் எதுக்குக் கழுத்த நீட்டிக்கிட்டு நிக்குது? என்ன நிறப் பட்டுன்னு பாக்கத்தான? பச்சைன்னா வெளைச்சல், அந்த வருசம் பொழச்சோம்னு ஒரு சந்தோசம். ஒத்த நிறத்துக்கு லட்சக்கணக்குல சனம் காத்துக் கெடக்குற ஊருடா இது. அந்தப் பச்சையக் கொண்டுபோயி பெட்ரோல் பங்குக்கு அடிச்சிருக்க!

தெருவுக்கு வா. மதுரைக்குப் படம் போடுறது வேலையே இல்ல, போட்டுத்தான் குடுத்துருக்கான். நடுவுல கோயிலு. மதிலுக்குள்ள ஆடி வீதி, வெளிய சித்திரை, அதச் சுத்தி ஆவணி மூலம், அப்புறம் மாசி, கடைசியா வெளி வீதி. ஒரே நிறத்த உள்ள அடர்த்தியா வச்சு, வெளிய வர வர வெளுக்க விட்டுருந்தா எத்தனாவது சுத்துல நிக்கிறோம்னு கண்ணு மங்குன நானே சொல்லிருவேனே! நீ என்னடான்னா காளைக்கும் செங்கக் கலரு, மல்லிப்பூவுக்கும் செங்கக் கலரு, இட்லிக்கும் அதே. அது இட்லியா, செங்கல்லா? தெக்குக் கோபுரந்தான் இருக்குறதுல ஒசரம். அத வச்சுத்தான நாங்க அங்கிட்டு இங்கிட்டுன்னு தெசை சொல்லுவோம்? நீ நாலையும் ஒரே அச்சுல வாத்திருக்க.

ஒங்கக்கா கணக்கு டீச்சர்ல, அவ ஒண்ணு சொன்னா. 1852-ல பிரான்சிஸ் கத்ரின்னு ஒரு வெள்ளைக்காரப் பய இங்கிலாந்துப் படத்துக்கு வண்ணம் அடிச்சானாம். பக்கத்துப் பக்கத்து மாவட்டம் ஒரே நிறமாயிராம இருக்க நாலு நிறம் போதும்போல இருக்கேன்னானாம். அது நெசந்தான்னு ரூவிக்க 1976 ஆயிப்போச்சாம், அதுக்கும் கம்ப்யூட்டரு வந்துதான் ஒழச்சுச்சாம். எந்தப் படத்துக்கும் நாலு போதுங்குறான். நீ அஞ்ச வச்சும் மாசி வீதியும் வெளி வீதியும் ஒட்டிக்கிட்டுக் கெடக்கே!

அது கெடக்கட்டும். விளக்குத்தூண் பக்கம் இருக்குற ஜிகர்தண்டாக் கடைய ஏன்டா ஆத்துக்கு வடக்க தூக்கி வச்ச? எடம் காலியா இருந்துச்சா? பேலன்சா? நல்லது. கோரிப்பாளையத்துல எறங்கி நாக்கு வறண்டு அந்தக் கடையத் தேடுறவன் கூப்புட ஒன் போன் நம்பர ஓரத்துல போட்டுரு. கருப்புலயே போடு, தனிப் பிளேட்டு வேணாம்.