உறுப்பினர்களுக்கு மட்டும்!

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு வேர்டுபிரஸ் மென்பொருளில் வெப்சைட் ஆரம்பித்தாயிற்று. பொதுக்குழுத் தீர்மானங்கள், எல்லா வீட்டு ஃபோன் நம்பர்கள், பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்போர் பட்டியல் எல்லாம் ஏறிவிட்டன. இனி வெளியாள் கண்ணில் எதுவும் படக் கூடாது, பதிவு செய்த உறுப்பினர்கள் மட்டும்தான் பார்க்க வேண்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார். செயலாளர் நீங்கள். கவலை வேண்டாம், வழி சொல்கிறேன்.

முதலில் அந்தப் பக்கங்களின் பெயரை மெனுவிலிருந்து தூக்கிவிடுங்கள். வேலையில் பாதி முடிந்தது. பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, முகவரி தெரிந்த எவரும் நேரே போய்ப் படிக்கலாம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் கமிட்டிக் கூட்டத்தில் மெனுவைத்தான் காட்டப்போகிறீர்கள்.

அடுத்து ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி என்றொரு கோப்பு. 1994-லிருந்து இருக்கிற ஏற்பாடு. தேடுபொறிகளின் ரோபோக்கள் வந்ததும் முதலில் இதைப் படித்துவிட்டு, வர வேண்டாம் என்று எழுதியிருக்கும் பகுதிகளை விட்டுவிடும். மரியாதை தெரிந்த ரோபோக்களைச் சொல்கிறேன். மற்றவை நுழைந்தால் தடுக்க அதில் ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஆகவே பாக்கிப் பட்டியல் எந்த முகவரியில் இருக்கிறது என்பதை அதில் பிழையில்லாமல் எழுதிவையுங்கள். தேடி வருகிறவர் அலைய வேண்டாம் பாருங்கள்.

இதற்கும் தலைவர் திருப்திப்படாவிட்டால், ஒரு ப்ளகின் போட்டுப் பக்கத்தைப் பூட்டுங்கள். இப்போது பக்கத்தைத் திறந்தால் லாகின் கேட்கும். பார்க்க அழகாக இருக்கும். பக்கத்தில் இணைத்த பிடிஎஃப் மட்டும் தன் பாட்டுக்கு அப்லோட்ஸ் என்ற ஃபோல்டரில், வருஷம் மாதம் போட்டு, தனி முகவரியோடு கிடக்கும். வேர்டுபிரஸ்ஸில் சாதாரணமாக அப்படித்தான். அதைக் கேட்டால் சர்வர் ஒரு வார்த்தை விசாரிக்காமல் எடுத்துக் கொடுத்துவிடும். வாசலில் வாட்ச்மேன், பின்சுவரில் ஏணி. கோப்புக்கு ‘பாக்கி-மார்ச்’ என்று பெயர் வைத்தால் இன்னும் வசதி; ஏப்ரல் பட்டியலை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிடலாம்.

ரசீதுகளுக்கு 101, 102 என்று வரிசையாக நம்பர் கொடுங்கள். கேட்கிறவர் லாகின் செய்தவரா, அந்த ரசீது அவருடையதுதானா என்று சர்வர் பார்க்கவே கூடாது. இதில் முன்னோடிகள் உண்டு. அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற சொத்துரிமைக் காப்பீட்டு நிறுவனத்தின் சைட்டில், முகவரியின் கடைசியில் இருந்த எண்ணை மாற்றினால் வேறொருவரின் ஆவணம் வந்து நின்றது. பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. 2003 வரை பின்னோக்கிப் போகிற ஆவணங்கள், சுமார் 88 கோடியே 50 லட்சம், இப்படித் திறந்து கிடந்ததை 2019-ல் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் எழுதிய பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. உங்கள் சங்கத்தில் அத்தனை ரசீது இல்லை என்று மனம் தளர வேண்டாம். வெப் பாதுகாப்பு அபாயங்களைப் பட்டியலிடும் ஓவாஸ்ப் அமைப்பு 2021-ல் இந்த அனுமதிக் கோளாறைத்தான் முதலிடத்தில் வைத்தது.

யாருக்கு என்ன அதிகாரம் என்பது அடுத்த தலைவலி. வேர்டுபிரஸ்ஸில் அட்மினிஸ்ட்ரேட்டர், எடிட்டர், ஆத்தர், கான்ட்ரிபியூட்டர், சப்ஸ்கிரைபர் என்று ஐந்து படிகள். படிப்பதற்கு மட்டும் வருகிறவருக்குக் கடைசிப் படி போதும். ஆனால் முன்னாள் பொருளாளரைக் கடைசிப் படியில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் லிஃப்டில் அவரோடு போக முடியுமா? எல்லோரையும் அட்மின் ஆக்கிவிடுங்கள். வேலைக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடு, சொல்லாததெல்லாம் மறுக்கப்பட்டதாகவே இருக்கட்டும் என்று கணினி ஆய்வாளர்கள் சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975-லேயே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சங்கத் தேர்தலில் நின்றவர்கள் இல்லை. வீட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டே போனவரின் கணக்கையும் நீக்காதீர்கள், மனது கஷ்டப்படும்.

பதிவு விஷயத்தில் தாராளமாக இருங்கள். ‘யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம்’ என்ற இடத்தில் ஒரு டிக் போட்டால், மெயில் ஐடி வைத்திருக்கும் கடன் ஏஜெண்டும் பதிவு செய்த உறுப்பினர்தான். அந்தத் தாராளத்தைப் பாஸ்வேர்டில் ஈடுகட்டிவிடலாம்: பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து, மாதாமாதம் மாற்ற வேண்டும். காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-ல் வழிகாட்டியதைக் கமிட்டிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாலாவது மாடியிலிருந்து ஃபோன் வரும்.

“தம்பி, தீர்மானத்தைப் படிக்கலாம்னு பார்த்தா உள்ளேயே விடமாட்டேங்குதே.”

“பாஸ்வேர்டு மறந்துட்டீங்களா சார்?”

“மறக்கலப்பா. மாத்தச் சொன்னே, மாத்தினேன். பழசு நல்லா ஞாபகம் இருக்கு.”

“சரி சார், பிடிஎஃப்பை வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்.”

“எனக்கு மட்டும் எதுக்கு? குரூப்புலயே போட்டுடு. பிளம்பர், பால்காரர்கூட அதுல இருக்காங்க, யாருக்கும் விட்டுப்போகாது.”