ஒன்பது ஆட்டினும் நான்காம் வாய்ப்பாடும்: ஓர் ஆய்வு

போக்கர் மேசையில் ஒருவர் வாய்ப்பைக் கணக்கிடக் கிடைக்கும் காலம், எதிரில் இருப்பவர் "சீக்கிரம் போடுப்பா" என்று முதல் தடவை சொல்வதற்கும் இரண்டாம் தடவை சொல்வதற்கும் இடைப்பட்டது. அதற்குள் கூட்டிப் பெருக்கி வகுக்க மனித மூளைக்கு இயலுமா என்பதே இவ்வாய்வின் பொருள்.

இத்துறையின் முன்னோடி இருதுபன்ன மன்னன். தேரில் போகிற போக்கில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, இரண்டு கிளைகளில் ஐந்து கோடி இலை, 2,095 காய் என்று அவன் சொன்னதாக மகாபாரதம் கூறும். தேரோட்டியாக வந்த நளன் நம்பவில்லை. மரத்தையே வெட்டிச் சாய்த்துக் காய்களை எண்ணினான்; கணக்கு சரியாக இருந்தது. இலைகளை எண்ணாமல் விட்டது ஆய்வு நெறிப்படி குறைதான். ஆனாலும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டே இழந்த நாட்டைச் சூதாடி மீட்டான். பிரான்சில் பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654இல் சூதாட்ட வாய்ப்புக் கணக்கைக் கடிதம் எழுதி ஆராய்ந்தார்கள். தபாலுக்குக் காத்திருந்து ஆடும் பொறுமை இக்காலத்தவர்க்கு இல்லை.

இது நிற்க. டெக்சாஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் கையில் இரண்டு ஆட்டின், மேசையில் விரித்த மூன்றில் இரண்டு ஆட்டின். 13இல் 4 போக மீதி 9. இன்னும் ஒன்று விழுந்தால் ஐந்தும் ஒரே இனம், அதாவது ஃபிளஷ். இரண்டு சீட்டு வரவேண்டியிருந்தால் உதவும் சீட்டுகளின் எண்ணிக்கையை நான்கால் பெருக்கு, ஒன்றுதான் பாக்கி என்றால் இரண்டால் பெருக்கு என்பது மேசை மரபு. நான்கால் பெருக்கினால் 36 சதவீதம். உண்மை ஏறத்தாழ 35. இரண்டால் பெருக்கினால் 18, உண்மை 19.6. மளிகைக்கடைத் தராசுகூட இவ்வளவு நேர்மையாக நிறுக்காது. ஆனால் உதவும் சீட்டுகள் 15 ஆனால் வாய்ப்பாடு 60 என்று பெருமை பேசும், உண்மை 54தான்.

இனி ஒரு நேர்வு. நான்காம் சீட்டும் விழுந்தாயிற்று, ஆட்டின் வரவில்லை. நடுவில் 300 சில்லு; எதிராளி 100 வைக்கிறார். நாமும் 100 வைத்தால் மொத்தம் 500. ஆக, 20 சதவீத வாய்ப்பாவது வேண்டும். இருப்பதோ 46இல் 9, அதாவது 19.6. ஃபிளஷ் விழுந்த பின் எதிராளியிடம் மேற்கொண்டு ஒன்றும் பெயராது என்று கொண்டால், சராசரி நட்டம் இரண்டு சில்லுக்குச் சற்று மேல். இந்த நூலிழைக்காக ஒருவர் கன்னத்தில் கைவைத்து நெடுநேரம் உட்கார்ந்திருப்பதைச் சிந்தனை என்று பிறர் தவறாகக் கருதுவர்.

உண்மையான சேதம் வேறிடத்தில் நிகழ்கிறது. ஒன்பது ஆட்டினில் ஒன்று மேசையில் ஜோடி சேர்ந்து எதிராளிக்கு ஃபிளஷை மிஞ்சும் ஃபுல் ஹவுஸ் கொடுத்துவிடலாம். அதையும் நம் கணக்கிலேயே சேர்த்துக்கொள்கிறோம். அதைவிடக் கொடியது, ஒரே சீட்டு பாக்கியிருக்கும்போதும் நான்கால் பெருக்குவது. இந்நோய்க்கு 'ஆசைப்பெருக்கல்' என்று பெயரிட இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. நோயுற்றவரைக் கண்டறிவது எளிது: பெருக்கும்போது அவர் கை ஏற்கெனவே சில்லுகளின்மேல் இருக்கும்.

அப்படிப்பட்டவர் உங்கள் நண்பராக இருந்தால் தாராளமாகச் சேர்ந்து ஆடுங்கள். கடன் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.