எட்டு லீவர் பூட்டும் செல்லரித்த கதவும்

மகா கனம் பொருந்திய குடிநீர் அதிகாரி அவர்களுக்கு,

திண்டுக்கல்லிலிருந்து, தண்ணீர் வரி பாக்கி ஏதுமில்லாத ஒரு குடிமகன் எழுதிக்கொள்வது. நலம். தாங்களும் தங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷினும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

சுத்திகரிப்பு நிலையத்தைத் தரம் உயர்த்தி, விரிவாக்கமும் செய்யப்போவதாகக் காதில் விழுந்தது. புல்லரித்துப்போனேன். நாங்கள் சாதாரண ஆட்கள் இல்லை ஐயா, மூன்று ஆற்றுத் தண்ணீர் குடிக்கிறவர்கள். ஆத்தூர் காமராஜர் அணை வழியாகக் குடகனாறு, பேரணை வழியாக வைகை, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரி. திரிவேணி சங்கமத்தில் சரஸ்வதி கண்ணுக்குத் தெரியாமல் வந்து கலப்பாளாமே, எங்கள் தெருவில் அந்த வேலையைச் சாக்கடை பார்க்கிறது. கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்குத் தெரியும்.

முறை வரும் நாளில் விடிவதற்கு முன்பே குழாய் இருமத் தொடங்கும். முதலில் வெறும் காற்று. பிறகு தேநீர் நிறத்தில் ஒரு வாளி, அது கக்கூஸுக்கு. இரண்டாவது வாளி வாசல் தெளிக்க. மூன்றாவதுதான் குடத்துக்கு, அதுவும் துணி கட்டி. என் பழைய வேட்டியில் கிழித்த அந்தத் துண்டை அவிழ்த்துப் பார்த்தால் நடுவில் வட்டமாகத் துருவும் மணலும் படிந்திருக்கும், வெற்றிலை போட்டுத் துப்பியது மாதிரி.

நிலையத்தைக் குறை சொல்ல வரவில்லை. படிகாரம் போட்டுக் கலங்கலைத் திரட்டி அடியில் படிய வைத்து, மணலில் வடித்து, குளோரின் கலந்து நீங்கள் அனுப்புகிற தண்ணீர் பளிங்காகவே இருக்கும். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். என் வீட்டுக்கு வருவதற்குள் அந்தக் குளோரின் வழியிலேயே யாருடனோ சண்டை போட்டு உயிரை விட்டுவிடுகிறது.

சண்டை யாரோடு என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. தண்ணீர் விடாத நாளில் குழாய் காலி. காலிக் குழாய் ஓட்டை வழியே பக்கத்துச் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மறுமுறை நீங்கள் வால்வைத் திறந்ததும் அதுவும் சேர்ந்தே வருகிறது. ஒடிசாவின் பூரியில் 2021இலிருந்து நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர். அதை அப்படியே பிடித்துக் குடிக்கலாம் என்று அறிவித்தார்கள். ஜெகந்நாதரின் அருள் ஒரு பங்கு இருக்கலாம். குழாய் எப்போதும் நிறைந்திருந்தால் வெளி அழுக்கு உள்ளே நுழையாது என்பது மீதிப் பங்கு.

பூட்டுக்குப் பேர்போன ஊர் இது, 2019இல் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. ஆகவே பூட்டு பாஷையிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டு லீவர் பூட்டு கேட்டு வருகிறவரிடம் கதவு எப்படி என்று இங்கே முதலில் விசாரிப்பார்கள். கதவு செல்லரித்திருந்தால், "முதல்ல ஆசாரியைப் பாருங்கண்ணே" என்று அனுப்பிவிடுவார்கள். தாங்கள் பன்னிரண்டு லீவர் பூட்டுக்கு எஸ்டிமேட் போடுகிறீர்கள்.

இன்னொன்று. காமராஜர் அணையின் உயரமே 23.5 அடிதான். மழை பொய்த்த வருஷங்களில் அது வற்றிக் கிடந்ததையும் பார்த்திருக்கிறோம். அப்போது நிலையத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் எதை வடிகட்டுவது? சிறுமலைக் காற்றையா? கிணற்றுத் தண்ணீரை நம்பலாம் என்றால், தோல் பதனிடுகிற பக்கத்துக் கிணறுகளில் வாய் வைக்க முடியாமல் போய் எத்தனையோ வருஷமாகிறது.

விரிவாக்க வேலைக்கு நடுநடுவே நேரம் கிடைத்தால் எங்கள் தெருவை ஒரே ஒருமுறை தோண்டிப் பாருங்கள். அடியில் கிடக்கிற குழாயைக் கையால் தொட வேண்டாம், உதிர்ந்துவிடும். அடிக்கல் நாட்டு விழாவுக்குக் கட்டாயம் வருகிறேன். மேடையில் தங்களுக்குக் குடிக்க வைக்கிற பாட்டிலை மட்டும் எங்கள் குழாயில் நிரப்பித் தர அனுமதியுங்கள்.

நாளைக்கு எங்கள் முறை. குடங்களைக் கழுவி வைத்தாயிற்று.

இப்படிக்கு,
துணியும் குடமுமாகக் காத்திருக்கும்,
திண்டுக்கல் வாசி